மழை இடைவேளை

சங்கீத மண்டபத்துத் தகரக் கூரையைப் பிரிக்கப் போகிற அந்த வாரத்தில், ஊரிலேயே மழைக்காக ஏங்கிக்கொண்டிருந்தவள் மணிக்காரி ஒருத்திதான். மாடியில் துணி உலர்த்தியவர்களும் தெருவில் சிமெண்டு மூட்டை இறக்கி வைத்திருந்தவர்களும் இன்று வேண்டாம் சாமி என்று வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்க, இவள் மட்டும் கேண்டீன் முற்றத்தில் நின்று மேகத்தை வைதுகொண்டிருந்தாள். சும்மா நாலு தூறல் போட்டால் அவளுக்குப் போதாது. அக்காள் வந்து நிற்கும்போது பெய்ய வேண்டும். அக்காள் நிற்கும்போதே விடவும் வேண்டும். மழையிடம் இத்தனை நிபந்தனை போட்ட மனுஷி உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

மணிக்காரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. கேண்டீன் வாசலில் தொங்கும் வெண்கல மணியை அடிக்கிற வேலை அவளுடையது என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். மண்டபத்தில் கச்சேரி நின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. மணிக்கு வேலை இல்லை. பெயர் மட்டும் போகவில்லை.

அந்த மண்டபம் மண்டபமாகப் பிறந்ததும் இல்லை. ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிய கொட்டகை அது. பாட்டுப் பைத்தியம் பிடித்த சில குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் சேர்ந்து, பஞ்சு வியாபாரம் படுத்த பிறகு அதை வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு கோடியில் மேடை கட்டினார்கள். எதிரொலி காதைக் குடைகிறது என்று, அங்கேயே கிடந்த பஞ்சுச் சாக்குகளை வெட்டிச் சுவர் முழுக்க ஆணி அடித்தார்கள். பார்க்கச் சகிக்காது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து தனக்காக மட்டும் பாடுவது போல இருக்கும். பெரிய ஊர்களின் பெரிய அரங்கங்களில் பாடியவர்களே இந்தச் சாக்குக் கொட்டகைக்கு ஆசைப்பட்டு வந்தார்கள்.

மண்டபத்துக்கு இருந்த ஒரே எதிரி மழை. தகரத்தின் மேல் மழை விழுந்தால் உள்ளே பக்கத்து நாற்காலிக்காரர் தும்முவது கூடக் கேட்காது. கூரையை மாற்ற வசதி இல்லாத செயலாளர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். மழை வந்தால் பாட்டு நிற்கும். திரை விழும். எல்லோரும் எழுந்து முன்பக்கத்துக் கேண்டீனுக்கு வந்துவிட வேண்டும். மழை விட்டதும் மணி அடிக்கும். போய் உட்கார்ந்தால், எந்த வரியில் விட்டார்களோ அதே வரியில் பாட்டு மறுபடி தொடங்கும். இதற்கு மழை இடைவேளை என்று பெயர். சில பேர் இதற்காகவே குடை கொண்டுவர மாட்டார்கள். ஒன்றாக நின்று இஞ்சி டீ குடித்ததில் முறைத்துக்கொண்டிருந்த பங்காளிகள் பேசியிருக்கிறார்கள். பெண் பார்த்து முடித்திருக்கிறார்கள். மணிக்காரிக்கே அப்படித்தான் கல்யாணம் முடிவாயிற்று. மேடையில் திரை இழுக்கிற திரைக்காரர் டீக்கு வந்து நின்றவர், நின்றவர்தான். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் போகவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கேண்டீன் முதலில் அவள் அம்மாவுடையது. மண்டபத்து வாசல் பக்கம் ஓட்டுக் கட்டிடம் ஒன்று, அதற்கு முன்னால் திறந்த முற்றம். வானம் பளிச்சென்று தெரிகிற இடம் அது ஒன்றுதான் என்பதால் மணி அங்கே தொங்கியது. மழை விட்டதும் அம்மா உடனே அடிக்க மாட்டாள். எல்லா டம்ளரையும் தொட்டியில் போட்டு, ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் கயிற்றைப் பிடிப்பாள். சுத்தக்காரி என்று எல்லோரும் நினைத்தார்கள். மகள்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மகள்கள் இரண்டு பேர். மூத்தவளுக்குத் தொண்டை இருந்தது. மேடைக்குப் பின்னால் தவழ்ந்து வளர்ந்தவள், கேட்டதையெல்லாம் பாடினாள். வந்து போகிற வித்வான்களில் ஒருவர் அவளை உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்தார். இளையவள் மணிக்காரிக்கு அடுப்பு. அம்மா ஒன்றும் ஓரவஞ்சனை செய்யவில்லை, இரண்டு பேரும் பாடப் போனால் டீ யார் போடுவது. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா. அக்காளைப் பார்த்து இவளுக்கு வயிற்றெரிச்சல் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மூத்தவளுக்கு அந்த மேடையில் முதல் முழுக் கச்சேரி கிடைத்த சாயங்காலம் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள். கேண்டீனும் மணியும் இளையவள் கைக்கு வந்தன. அக்காள் நல்ல உச்சத்தில் போய்க்கொண்டிருந்தாள். ஆட்கள் தலையை ஆட்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே உறைந்து போயிருந்தார்கள். பாழாய்ப் போன மழை அப்போதுதான் பிடித்துக்கொண்டது. திரை விழுந்தது, அக்காள் மேடையிலேயே இருந்துவிட்டாள். டீயோடு நின்ற கூட்டத்தில் எல்லோர் வாயிலும் மூத்தவள் பேச்சுத்தான். மழை விட்டது. வானம் கழுவி விட்டாற்போல இருந்தது. மணி அடித்தது. கூட்டம் உள்ளே போய் உட்கார்ந்தது, திரை திறந்தது, அக்காள் விட்ட வரியைப் பிடித்தாள்.

ஆனால் மேடைக்கு மேலே மழை அடித்துக்கொண்டே இருந்தது.

முதல் கச்சேரிக்காரி, நிறுத்தச் சொல்லத் தெரியவில்லை. கேட்கட்டும் என்று குரலை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். உச்சியில் குரல் கிழிந்தது. சொல்லி வைத்தாற்போல அதே நிமிஷம் கூரைச் சத்தம் ஓய்ந்து, கிழிந்த குரல் மட்டும் அம்மணமாக மண்டபம் முழுக்கக் கேட்டது. பின் வரிசையில் எவனோ சிரித்தான். அவனுக்கு நல்ல சாவே வராது என்று மணிக்காரி இன்றைக்கும் சபிப்பாள்.

கச்சேரி எப்படியோ முடிந்தது. அக்காள் நேரே கேண்டீனுக்கு வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மழை விடறதுக்கு முன்னாடியே மணி அடிச்சிருக்கே. வேணும்னுதானே அடிச்சே?"

சுற்றி ஆட்கள், கையில் டம்ளரோடு. இளையவளுக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. மழை விட்டதைக் கண்ணால் பார்த்து அடித்தவள் அவள். என்னைப் பார்த்து இப்படிக் கேட்க எப்படி மனசு வந்தது இவளுக்கு என்ற ஆங்காரத்தில் நாக்கு புரண்டுவிட்டது.

"ஆமா. வேணும்னுதான் அடிச்சேன். இப்ப என்னங்கிறே?"

அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. செயலாளர் மூத்தவளை மறுபடி மேடைக்குக் கூப்பிடவில்லை. அவள் ஒரு தையல்காரரைக் கட்டிக்கொண்டு நாலு தெரு தள்ளிப் போய், குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். ஊர் அவளைப் பாட்டுக்காரம்மா என்றது. சில வருஷம் கழித்து அம்மா செத்தபோது கூட இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துதான் அழுதார்கள்.

உண்மை மணிக்காரிக்கு அந்தச் சண்டைக்கு அடுத்த மழைக்காலத்தில்தான் தெரிந்தது. மறுபடி ஒருநாள் மழை விட்டவுடனே மணி அடித்துவிட்டாள். செயலாளர் உள்ளேயிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தார். இவள் விடுவாளா, வந்து வானத்தைப் பாருங்கள் என்றாள். நீ வந்து கூரையைக் கேள் என்று அவர் இவள் கையைப் பிடித்து இழுத்துப் போனார். முற்றத்தில் சொட்டு இல்லை. மண்டபத்துக்குள் போனால் மேடைக்கு மேலே சடசடவென்று கொட்டுகிறது. வெளியே வந்தாள், இல்லை. உள்ளே போனாள், இருக்கிறது. மேடைப் பக்கத்துக் கூரை மேல் ஒரு பெரிய வாதாமரம் கவிந்து கிடந்தது. அதன் இலை ஒவ்வொன்றும் தட்டு மாதிரி. மழை விட்ட பிறகும், பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அது தகரத்தின் மேல் கொட்டி முடிக்க நேரம் எடுத்தது. அம்மா டம்ளர் கழுவுகிற நேரம்.

படுக்கையில் கிடந்த அம்மாவிடம் போய், உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். மரமாவது மட்டையாவது, டம்ளர் கிடந்தால் ஈ மொய்க்கும், அதனால் கழுவினேன் என்று அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள். மணிக்காரி அன்று அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. திரைக்காரரை அக்காளிடம் தூது அனுப்பினாள். போன வேகத்தில் திரும்பி வந்தார். அவளே வாயால் ஒத்துக்கொண்ட பிறகு இப்போது மரத்தின் மேல் பழி போடுகிறாளாக்கும் என்று கேட்டு அனுப்பியிருந்தாள் அக்காள்.

மழை பெய்யும்போது அக்காள் ஒரே ஒரு தடவை இங்கே வந்து நின்றால் போதும், தானே தெரிந்துகொள்வாள். அந்த ஒரு தடவை இத்தனை வருஷத்தில் வரவில்லை. நகரத்தின் மறு கோடியில் குளுகுளு அரங்கம் வந்தது. கச்சேரிகள் அங்கே போயின. சாக்குக் கொட்டகை கொஞ்ச நாள் கண்காட்சிக் கூடமாயிற்று, பிறகு மெத்தைக் கிடங்காயிற்று. கிடங்கு ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டு மணிக்காரியும் திரைக்காரரும் கேண்டீனிலேயே கிடந்தார்கள். இப்போது ஒரு பெயிண்டு கம்பெனி வாங்கிவிட்டது. கூரையைப் பிரித்து, மரத்தை வெட்டி, மாடி கட்டப் போகிறார்கள். அடுத்த தெருவில் இவர்களுக்கு ஒற்றை அறை பார்த்தாகிவிட்டது. வீடு போவது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கூரையும் மரமும் போனால் அவள் பக்கத்துக்குச் சாட்சி சொல்ல உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது.

தையல்காரர் வாரம் ஒருமுறை பெண்டாட்டிக்குத் தெரியாமல் கேண்டீனுக்கு வந்து டீ குடிப்பார். நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவது வழக்கம். இத்தனை வருஷத்தில் அவர் வாங்கியதாகச் சொன்ன நூலை வைத்து ஊருக்கே பந்தல் தைக்கலாம் என்பார் திரைக்காரர். அவரிடம்தான் மணிக்காரி கெஞ்சினாள்.

"அத்தான், கூரை போறதுக்குள்ள அக்காவ ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. மழை நாளாப் பாத்து."

"உங்கக்காவ வெயில் நாள்லயே நகர்த்த முடியாதும்மா. இதுல மழை நாளா?"

வழி ஒன்று இருந்தது. பழைய சாமான்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மேடைக்குப் பக்கத்து அறையில் ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. பாடப் போகிறவர்கள் கடைசியாக உட்கார்ந்து எழுந்து போகிற நாற்காலி. மூத்தவளும் அதில்தான் உள்ளங்கை வேர்க்க உட்கார்ந்திருந்தாள். அதை எடுத்துக்கொள் என்றால் வருவாள் என்று தையல்காரர் கணக்குப் போட்டார்.

வந்தாள். மண்டை பிளக்கிற வெயிலில் வந்தாள். பாவி மேகம் ஒன்று கூட இல்லை. தலை முக்கால்வாசி நரைத்து, கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, கேண்டீன் பக்கம் திரும்பாமல் நேரே மண்டபத்துக்குள் போனாள். சாக்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். மேடைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றாள். மணிக்காரி ஒரு டம்ளர் டீ கொண்டு போனாள். அக்காள் டம்ளரையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. எனக்கு டீ வேண்டாமென்று சொல்லிவிடுங்கள் என்று புருஷனிடம் சொன்னாள். நாற்காலி ஸ்கூட்டரில் நிற்காது, தள்ளுவண்டி பிடித்துக்கொண்டு இன்னொரு நாள் வரவேண்டும் என்று பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

மணிக்காரி அந்த டீயைக் கீழே கொட்ட மனசில்லாமல் தானே குடித்தாள். வேண்டுமானால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுக் கூரை மேல் அடிக்கச் சொல்லட்டுமா என்றார் திரைக்காரர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவ எம்மூஞ்சியக்கூடப் பாக்கலைங்க" என்றாள். அவர் அடுப்பை மூட்டப் போனார்.

கூரை பிரிக்கிற ஆட்கள் வந்து இறங்கினார்கள். மரக்கிளை இடிக்கிறது, முதலில் மரத்தை வெட்டிவிட்டு அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம் என்று மேஸ்திரி அளந்துகொண்டிருந்தார். மணிக்காரிக்கு உயிரே போய்விட்டது. ஓடிப் போய், அண்ணே, வாசல் பக்கமிருந்து பிரித்துக்கொண்டு வாருங்கள், மரத்தைக் கடைசியில் வெட்டுங்கள் என்று கேட்டாள். எதற்கு என்றார். சொன்னால் புரியாது என்றாள். மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்தார். வெயிலில் வேலை செய்கிறவனுக்கு மர நிழல் கடைசி வரை இருந்தால் நல்லதுதானே என்று தனக்குத்தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் ஆட்களுக்குப் பன்னில் வெண்ணெய் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

வாசல் பக்கத்துத் தகரம் ஒவ்வொன்றாக இறங்கியது. பாதி மண்டபம் வெட்டவெளியாயிற்று. சாக்குச் சுவரில் வெயில் விழுந்து, இத்தனை காலத்துத் தூசியும் பளிச்சென்று தெரிந்தது. இன்னும் மேடைப் பக்கம்தான் பாக்கி. நாளைக்கு மரம் என்றார் மேஸ்திரி.

அன்று மத்தியானம் மணிக்காரி டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கும்போது வெளிச்சம் சட்டென்று மங்கியது. கிழக்கே கருகருவென்று ஏறிக்கொண்டு வந்தது. இப்போது வந்து என்ன பிரயோஜனம், ஆள் இல்லாத நேரத்தில், என்று அவள் வைது முடிப்பதற்குள் தள்ளுவண்டி ஒன்று கேட்டுக்குள் நுழைந்தது. பின்னாலேயே ஸ்கூட்டரில் தையல்காரர். அவர் முதுகுக்குப் பின்னால் அக்காள். நாளைக்கு மண்டபம் முழுசாகப் போய்விடும், நாற்காலியை இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்று அவர்தான் கிளப்பிக் கொண்டு வந்திருந்தார். வானத்தைப் பார்த்துக் கிளப்பினாரா, எதேச்சையா என்று பிற்பாடு கேட்டால் மனுஷன் நூலைப் பற்றிப் பேசுவார்.

ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஊரையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரிப் பெய்தது. கூரை ஆட்கள் ஏணியை விட்டுக் குதித்து ஓடி வந்தார்கள். ஒதுங்க இருந்த இடம் கேண்டீன் ஒன்றுதான். அக்காளும் வேறு வழியில்லாமல் உள்ளே வந்து, சுவர் ஓரமாக, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தலையிலிருந்து நீர் சொட்டியது. மணிக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு துண்டை எடுத்து அத்தான் கையில் கொடுத்தாள். அவர் கொடுத்ததை அக்காள் வாங்கித் துடைத்துக்கொண்டாள். யார் வீட்டுத் துண்டு என்று கேட்கவில்லை.

கூட்டத்துக்கு டீ போனது. வெகு காலத்துக்குப் பிறகு கேண்டீன் அப்படி நிரம்பியிருந்தது. ஆட்கள் ஊதி ஊதிக் குடித்தார்கள், சிரித்தார்கள். திரைக்காரர் ஒரு டம்ளரைக் கொண்டு போய் அக்காளுக்குப் பக்கத்துத் திண்டில் வைத்துவிட்டு வந்தார். அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

மழை வந்த வேகத்திலேயே விட்டது. அக்காள் முற்றத்துக்கு இறங்கினாள். கையை நீட்டிப் பார்த்தாள். அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். சொட்டு இல்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டு இந்த இடத்தை விட்டுப் போனால் போதுமென்று, கூரை போன பாதி மண்டபத்தைத் தேங்கிய நீரில் விறுவிறுவென்று கடந்து, மேடைப் பக்கம் தகரத்துக்குக் கீழே போனாள்.

அங்கே அப்படியே நின்றுவிட்டாள்.

மணிக்காரி இதைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லாமல் தொட்டிப் பக்கம் திரும்பி டம்ளர்களைக் கழுவத் தொடங்கியிருந்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. பார்த்தது திரைக்காரர்தான். அக்காள் வெளியே வந்தாள். மறுபடி கையை நீட்டினாள். உள்ளே போனாள். தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தாள். இன்னொரு தடவை வெளியே வந்து, தகரத்தின் மேல் கவிந்து கிடந்த மரத்தை, அதன் இலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து கொட்டுவதை, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கூரை ஆட்கள் இந்தம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று டீயோடு வேடிக்கை பார்த்தார்கள். தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

காலடிச் சத்தம் தொட்டி வரை வந்தது. சேலைக் கரை நனைந்து சேறாகியிருப்பது மட்டும் மணிக்காரியின் கண்ணில் பட்டது. அக்காள் குனிந்து, தொட்டிக்குள் கையை விட்டு ஒரு டம்ளரை எடுத்தாள். அம்மா கழுவுகிற மாதிரியே விரலை உள்ளே விட்டுச் சுழற்றினாள்.

"அம்மா இதெல்லாம் கழுவி முடிக்காம மணியத் தொட மாட்டாளே."

"மாட்டா."

"வேணும்னுதான் அடிச்சேன்னு சொன்னியேடி."

"நீ அப்படிக் கேட்டியேக்கா."

அக்காள் அந்த டம்ளரைக் கவிழ்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். வெகு நேரம் அதையே கழுவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீ ஏன் கழுவல?"

மணிக்காரி தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். இத்தனை வருஷமும் மரத்தைப் பற்றிச் சொல்லத்தான் துடித்தாளே தவிர, இதை யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"நீ பாதியில விட்டுட்டியா. மிச்சத்தக் கேக்கணும்னு அவசரம். எனக்கே பொறுக்கலக்கா."

அக்காள் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க ஈரக் கையைத் தூக்கினாள், முகம் இன்னும் ஈரமாயிற்று. மணிக்காரி தன் முந்தானையால் அக்காளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். அக்காள் தடுக்கவில்லை.

மேஸ்திரி முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்த்தார். நேரம் போகிறதே என்று அவருக்குக் கவலை. மழைதான் விட்டுவிட்டதே, ஆட்களை மேலே ஏற்றலாமா என்று பொதுவாகக் கேட்டார்.

பாட்டுக்காரம்மா தொட்டியிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள்.

"இன்னும் விடலைப்பா. சித்த இரு. டம்ளர் கழுவி முடியட்டும்."